பின்னறையில் பச்சைத் தண்ணீர்

பின்னறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. மடக். சற்று இடைவெளி. பிறகு அடுத்தடுத்து மடக், மடக். கடைசியில் கண்ணாடி டம்ளரை மேஜையில் வைக்கும் 'டொக்'.

அடுப்படியில் பால் பொங்கி வருவதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஆபரேட்டரம்மா, கையில் பிடித்த கரண்டியோடு அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"முதல் வாய் தாகத்துக்குங்க. அடுத்த ரெண்டும் கோபத்துக்கு!"

"கோபமா? நல்லாக் கேட்டியா?" என்று பின்னறையிலிருந்து கணவர் கேட்டார்.

"நல்லாவே கேட்டேன். தொண்டை மாட்டேங்குது, ஆளு தள்ளிவிடறான். அப்படித்தான் இறங்குது."

"அப்போ 'சிப்' சரிப்படாது. 'கல்ப்' போட்டுடறேன்."

ஆபரேட்டரம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. முன்னறையில் இருக்கும் மகளுக்கு இது கேட்டிருக்குமா என்று எட்டிப் பார்த்தாள். கேட்டிருந்தது. சோபாவின் நுனியில், செருப்பைக்கூடத் தள்ளி வைக்காமல் காலடியிலேயே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த மகள், மடியிலிருந்த குழந்தையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். பேருந்தில் யாராவது சில்லறை கேட்டு அதட்டினால் பையைப் பிடித்துக்கொள்வோமே, அப்படி. அவள் முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

பாவி மகளே, இதைக் கேட்டுப் பெருமைப்படுவாய் என்றல்லவா உன் தாய் காத்திருந்தாள்!

ஆபரேட்டரம்மா என்ற பெயர் தெரு வைத்தது. தொலைபேசி நிலையத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, யாரோ யாரோடோ பேசுவதற்கு இணைப்புக் கொடுத்தே பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். மறுமுனையில் ஒருவன் "ஹலோ" சொல்வதற்கு முன் இழுக்கும் மூச்சை வைத்தே, இவன் கடன் கேட்கப் போகிறானா, சாவுச் சேதி சொல்லப் போகிறானா என்று சொல்லிவிடுவாள். "உனக்கு இருக்கிறது காது இல்லடி, மோப்ப நாய்" என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள். அந்தக் காது அவளுக்குக் கடவுள் கொடுத்த வரம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள், கல்யாணம் ஆகும் வரை.

கணவரைத் தெருவில் ரஷ்யாக்காரர் என்பார்கள். படித்தது அந்தப் பனி கொட்டும் தேசத்தில். திரும்பி வந்து ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் உட்கார்ந்து, ரஷ்ய இயந்திரங்களின் கையேடுகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், எண்ணெயை எங்கே ஊற்ற வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதினார். ஒரு நாள் பழைய இயந்திரங்கள் போய் வேறு தேசத்து இயந்திரங்கள் வந்தன. ரஷ்யாக்காரரின் நாற்காலியைத் தூக்கிச் சாமான் அறையில் போட்டார்கள். அவரும் அதிலேயே போய் உட்கார்ந்தார். பேசுவதற்கு அங்கே ஆளில்லை. அதன் பிறகு எண்ணெயை அவர் தமக்குள்ளேயே ஊற்றிக்கொள்ள ஆரம்பித்தார்.

அந்த வருஷங்களை நான் விரித்துச் சொல்லப் போவதில்லை. வீட்டில் ஒருவர் குடித்தால் மற்றவர்களுக்கும் தலை சுற்றும், அவ்வளவுதான். வரம் என்று நினைத்த காது சாபமாயிற்று. பீரோ சாவி திரும்புவது, மூடி கழல்வது, எல்லாம் அவளுக்குக் கேட்டது. கேட்காதது போல் கண்ணை மூடிக் கிடந்தாள். பிறகு ஈரல் பாதி போய்விட்டது, மீதி வேண்டுமானால் இன்றோடு நிறுத்துங்கள் என்று டாக்டர் சொன்னார். மனிதர் நிறுத்திவிட்டார். ஆனால், சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்று பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன மகள், கல்யாணமாகி வேறு வீடு போனவள், அதை நம்பவே இல்லை. வாசலோடு வந்து வாசலோடு போவாள்.

இப்போது அவளுக்கும் ஒரு முடை வந்தது. குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் ஊரை விட்டுப் போய்விட்டாள். திங்கட்கிழமை மகள் வேலைக்குத் திரும்ப வேண்டும். "உன்கிட்ட விடலாமான்னு நேர்ல வந்து பாக்கறேம்மா" என்று போனில் சொன்னாள். 'விடறேன்' இல்லை, 'விடலாமான்னு பாக்கறேன்'. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஆபரேட்டரம்மா வாரம் முழுக்க வீட்டைக் கழுவினாள். பிளக் ஓட்டைகளை டேப் போட்டு ஒட்டினாள். மேஜை முனைகளில் பழைய துணியைச் சுற்றிக் கட்டினாள். பேத்தி இந்த வீட்டில் தவழ்ந்து பார்க்கவில்லை. ஓடியாவது பார்க்கட்டும்.

அதோடு இன்னொரு ஏற்பாடும் செய்தாள். அங்கேதான் அவள் தப்புப் பண்ணினாள்.

"அவ வர்ற நேரத்துல நீங்க பாட்டுக்கு வேலை பாருங்க" என்று கணவரிடம் சொன்னாள். "நம்ம ரெண்டு பேரும் எப்படி வேலை பாக்கறோம்னு அவ கேக்கட்டும்."

வேலை என்னவென்றால், எங்கேயோ ஒரு பதிப்பகம் பழைய ரஷ்ய நாவல் ஒன்றை ஆங்கிலத்தில் கொண்டுவர ஆசைப்பட்டு ரஷ்யாக்காரரைத் தேடிப் பிடித்திருந்தது. ஆற்றங்கரையில், பரிசல் துறையை ஒட்டி ஒரு விடுதி. வருகிறவன் போகிறவன் எல்லாம் குடிக்கிறான். கதையைச் சொல்கிறவள் ஒரு சிறுமி. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு, அவள் யாரையும் பார்ப்பதில்லை, கேட்கிறாள். அதனால் அந்த நாவலில் குடிப்பதற்கு மட்டும் அத்தனை சொற்கள். உதட்டை நனைத்துவிட்டு வைத்துவிடுவதற்கு 'பிரிகூபித்'. பல் இடுக்கில் வடிகட்டுவது போல் மெல்ல இறக்குவதற்கு 'த்ஸெதீத்'. பீரங்கிகள் ஒரே நேரத்தில் வெடிப்பது போல் ஒரே மூச்சில் கவிழ்த்துக்கொள்வதற்கு 'ஸால்பம்'. ஆங்கிலத்தில் எந்தச் சொல்லை எங்கே பொருத்துவது என்று அகராதியைப் புரட்டிப் புரட்டி, அதன் முதுகு ஒடிந்து, ரப்பர் வளையம் போட்டுக் கட்டும்படி ஆகிவிட்டது.

ஒரு நாள் மனிதருக்குப் பொறுக்கவில்லை. ஒரு குவளைத் தண்ணீரை அந்த நாவலில் வருவது போலக் குடித்துவிட்டு, "இங்க பாரு, இப்ப நான் எப்படிக் குடிச்சேன்? பாக்காம சொல்லு" என்று அடுப்படியைப் பார்த்துக் கத்தினார்.

"சூடு ஆறாத காப்பியை உறிஞ்சற மாதிரி இருந்துச்சு" என்றாள் அவள், பயந்துகொண்டே.

அவர் எழுதினார். எழுதிவிட்டு, "அடுத்தது கேளு" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு, பதிலுக்காக அவர் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. அந்த ஒரு கணத்துக்காக அந்தப் பேதைப் பெண் மனசு பழசையெல்லாம் மன்னித்துவிட்டது. அடிப்பாகம் கனத்த கண்ணாடி டம்ளர், மெல்லிய கோப்பை, தகரக் குவளை என்று மூன்று பாத்திரங்களை அவளே தேடி எடுத்து, ஒரு கூஜா நிறையப் பச்சைத் தண்ணீரோடு அவர் மேஜையில் வைத்தாள். அவர் குடிப்பார். அவள் சொல்வாள். "மிடறு மிடறா இறங்குது." "இது சப்பறது." "இது விழுங்கினது இல்லீங்க, விக்கிக்கிட்டது." இப்படியே பாதி நாவல் ஆகியிருந்தது.

இதையெல்லாம் காபியை ஆற்றிக்கொண்டே மகளிடம் சொல்லி முடித்தாள் ஆபரேட்டரம்மா. பெருமை தொண்டை வரை வந்து நின்றது.

"வெறும் தண்ணிடி. சத்தியமா வெறும் பச்சைத் தண்ணி."

மகள் குழந்தையைக் கீழே இறக்கிவிட்டாள். "கதைல யாரு கேக்கறதுன்னு சொன்னே?"

"ஒரு சின்னப் பொண்ணு. அடுத்த ரூம்ல படுத்துக்கிட்டு."

மகள் சிரித்தாள். சிரிப்பு என்றா அதைச் சொல்வது? பல் தெரிந்தது, அவ்வளவுதான். "அதுக்கு அவர் உன்னையா கேக்கறார்? என்னையில்ல கேக்கணும்?"

பிறகு எழுந்து, "பாத்ரூம் போய்ட்டு வர்றேன்" என்று உள்ளே போனாள். குழாய் திறக்கும் சத்தம் வரவில்லை. ஆபரேட்டரம்மாவின் காதில் வேறொன்று விழுந்தது. பீங்கான் மேல் பீங்கான் உரசும் சத்தம். ஃபிளஷ் தொட்டியின் மூடியை மகள் தூக்கிப் பார்க்கிறாள். அந்தக் காலத்தில் புட்டி கிடந்த இடம் அது. அதன்பின் செருப்பு அலமாரியின் பின்பக்கப் பலகை 'கிரீச்' என்றது. பெற்ற மகள் தன் வீட்டைச் சோதனை போடுகிறாள். தாய் அடுப்பை அணைத்துவிட்டு, எதுவும் கேளாதவளாக நின்றாள். பார்க்கட்டும். ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லையே!

திரும்பி வந்த மகளின் முகம் கொஞ்சம் இளகியிருந்தது. காபியை வாங்கிக் குடித்தாள். மேஜை முனையில் சுற்றியிருந்த துணியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது என்னோட பள்ளிக்கூடப் பாவாடைதானே?"

"ஆமா. நல்ல கெட்டித் துணி. குட்டி முட்டிக்கிட்டா வலிக்காது."

"காலையில எட்டு மணிக்கெல்லாம் கொண்டு வந்து விட்டுடுவேன். நீ அதுக்குள்ள எழுந்திருப்பியா?"

"ஏண்டி, நான் எப்போடி தூங்கினேன்?"

இருவருமே சிரித்தார்கள். இந்தத் தடவை உண்மையான சிரிப்பு. "மதியம் தூங்கலைன்னா அடம் பிடிப்பா, தட்டிக்கொடுக்கணும்" என்றாள் மகள். "உன்னைத் தட்டாததா?" என்றாள் தாய். ஆபரேட்டரம்மாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. கை வரை வந்தாயிற்று, இனி வாய்க்கு எட்டிவிடும்.

அப்போதுதான் குழந்தை எங்கே என்று இருவருக்கும் உறைத்தது.

பின்னறையில் தாத்தாவின் நாற்காலிக்குப் பக்கத்தில், தகரக் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றது குழந்தை. ரஷ்யாக்காரர் கண்ணாடி டம்ளரைத் தூக்கி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, ஒரே மூச்சில் கவிழ்த்தார். 'ஸால்பம்'. பிறகு "ஹா...!" என்று மூச்சு விட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்தார். குழந்தையும் குவளையைத் தூக்கியது. தலையைச் சாய்த்தது. பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது. "ஹா...!" என்று அது அழகாக மூச்சு விட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்தது.

"பாத்தியா என் பேத்திய!" கிழவர் குலுங்கிச் சிரித்தார். "ஒரு தடவை காட்டினேன், பிடிச்சுக்கிட்டா!"

மகள் ஓடிப்போய்க் குவளையைப் பிடுங்கினாள். குழந்தை வீரிட்டு அழுதது.

"தண்ணிம்மா அது, பச்சைத் தண்ணி!" ஆபரேட்டரம்மா பின்னாலேயே ஓடினாள். "இந்தா, நீயே குடிச்சுப் பாரு. மோந்து பாரு!"

"நான் மோந்து பாத்ததெல்லாம் போதும்மா."

"என்னடி இது அநியாயம்! பனைமரத்தடியில உக்காந்து பாலைக் குடிச்சாலும் கள்ளுன்னுதான் சொல்லுவியா?"

"பனைமரத்தடியிலயே வளர்ந்தவம்மா நான்" என்றாள் மகள். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "உனக்கு ஞாபகம் இருக்கா? நான் ரெண்டாங் கிளாஸ் படிக்கும்போது ஒரு நாள் இவர் கையில இருந்த டம்ளரைக் காட்டி, என்னடி அதுன்னு என்னைக் கேட்டே. நான் மோந்து பாத்துட்டு, தண்ணிம்மான்னு சொன்னேன்."

"ஆமா. அன்னைக்குத் தண்ணிதானே..."

"இல்லம்மா."

ஆபரேட்டரம்மா பக்கத்திலிருந்த கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்கு முன்னாடி இவர் எனக்குச் சொல்லிக் குடுத்திருந்தார். அம்மா கேட்டா தண்ணின்னு சொல்லணும், அம்மா பாவம், அழுவான்னார். நீ அழக்கூடாதுன்னு நான் சொன்னேன். அன்னைக்கு மட்டும் இல்ல. அதுக்கப்புறம் எத்தனை தடவை! வேலிக்கு ஓணான் சாட்சி. இந்த வீட்டு ஓணான் நான்தான். நீ ஒவ்வொரு தடவையும் நம்பினே. என் கன்னத்தைத் தட்டி, என் தங்கம் பொய் சொல்லாதுன்னே."

ஊரான் வீட்டுப் பொய்யையெல்லாம் மூச்சிலேயே பிடித்த காது, பெற்ற குழந்தை வாயிலிருந்து வந்த பொய்யைப் பிடிக்கவில்லை! கணவரைப் பார்த்தாள். அவர் மறுப்பார், அட, அப்படியெல்லாம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தாள். அவர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் ராத்திரியெல்லாம் முழிச்சுக் கிடப்பேனே" என்றாள் ஆபரேட்டரம்மா, அழுகைக்கு நடுவில். "பீரோ திறக்கறது கேக்கும். மூடி கழட்டறது கேக்கும். ஆனா குடிக்கற சத்தம் கேக்காதேடி. மனசு கேக்காம மறுபடி உள்ள வச்சுட்டார்னு நினைச்சுக்குவேன். எத்தனை நாள் அப்படி நினைச்சு நிம்மதியாத் தூங்கியிருக்கேன்!"

"எப்படிக் கேக்கும்? நீ படுத்திருந்தது முன்னறையில. நான் இதே ரூம்ல, இந்த மூலைல, போர்வைக்குள்ள இருந்து பாத்துக்கிட்டே இருப்பேன். வாயில ஊத்திக்குவார். விழுங்க மாட்டார். கன்னத்துல அப்படியே வச்சுக்கிட்டு உக்காந்திருப்பார். தெருவுல ஏதாவது வண்டி வரணும். அது வர்றவரைக்கும் பொம்மை மாதிரி இருப்பார். வண்டி வாசலைத் தாண்டும்போது, அந்தச் சத்தத்துக்குள்ள வச்சு உள்ள தள்ளிடுவார். அடுத்த வாய்க்கு அடுத்த வண்டி. நான் வண்டியே வரக்கூடாது சாமின்னு வேண்டிக்குவேன்."

அந்த நாவலில் ஒரு வரி உண்டு. பரிசல்காரன் தூங்குகிற மனைவிக்குக் கேட்காமல் குடிக்கிறான். தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் சிறுமிக்கு மட்டும் அது எப்படியோ தெரிகிறது. ரஷ்யாக்காரரும் ஆபரேட்டரம்மாவும் எத்தனை குவளைத் தண்ணீர் குடித்துப் பார்த்தும் பிடிபடாத வரி அது.

ரஷ்யாக்காரர் தலையை நிமிர்த்தினார். அவர் கண்ணில் நீர் நிறைந்திருந்தது, அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். உதடு துடித்தது. மகளே, என்னை மன்னித்துவிடு என்று அந்த உதடு சொல்லியிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

"கன்னத்துல வச்சுக்கிட்டு..." என்று முணுமுணுத்தார். அவர் வலது கை மேஜையின் மேல் மெல்ல நகர்ந்து பென்சிலைத் தேடியது. "வேற ஒரு சத்தத்துக்குள்ள... அதை இன்னொரு தடவை சொல்லும்மா."

"அதாங்க!" என்று ஒரு குரல் கேட்டது. "பரிசல்காரனும் அலை அடிக்கறதுக்குத்தாங்க காத்திருக்கான்! அதாங்க சரி!"

அது தன்னுடைய குரல்தான் என்று ஆபரேட்டரம்மாவுக்குத் தெரிவதற்குள் வார்த்தை வாயைத் தாண்டிவிட்டது. கொட்டிய பாலை அள்ள முடியுமா? கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருக்கும்போதே, கணவர் தேடிய வரி கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் அவள் முகம் மலர்ந்திருந்தது. அந்த மலர்ச்சியை மகள் முழுதாகப் பார்த்துவிட்டாள்.

பென்சில் தாளில் உரசும் சத்தம் கேட்டது.

"எழுதிக்கோங்கப்பா" என்றாள் மகள். "மறந்துடப் போறீங்க."

குழந்தையின் ஈரச் சட்டையைக் கழற்றி, பையிலிருந்து வேறு சட்டை எடுத்து மாட்டினாள். பொத்தான் ஒவ்வொன்றையும் நிதானமாகப் போட்டாள். ஆபரேட்டரம்மா அவள் காலைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"இன்னைக்கே நிறுத்திடச் சொல்றேன்டி. கூஜாவைத் தூக்கி வெளியே எறிஞ்சுடறேன். அந்தப் புத்தகமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"வேண்டாம்மா. அவர் முடிக்கட்டும்."

"அப்போ குட்டியை..."

"காப்பகத்துல இடம் இருக்காம். அங்க விட்டுடறேன்."

"முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்டயா? நான் உயிரோட இருக்கும்போதா?"

"தெரியாதவங்களா இருந்தா நல்லதும்மா" என்றாள் மகள், செருப்பை மாட்டிக்கொண்டே. "அவங்க அழுவாங்களேன்னு இவ பொய் சொல்ல வேண்டியதில்ல."

ஆபரேட்டரம்மா வாசல் வரை ஓடி, மகளின் முழங்கையைப் பிடித்தாள். "அப்போ நான் அங்க வர்றேன். உன் வீட்டுக்கு வந்து பாத்துக்கறேன். தினமும் காலையில வந்து, நீ வர்றவரைக்கும் இருக்கேன். அவர் சோறு போட்டுக்கிட்டுச் சாப்பிடட்டும். சரின்னு சொல்லுடி."

மகள் நின்றாள். தாயின் முகத்தைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து, கலைந்திருந்த அவள் முடியை ஒதுக்கிவிட்டாள். "நெஜமா வருவியா? அவரை விட்டுட்டு?"

வருவேன் என்று சொல்ல ஆபரேட்டரம்மா வாயைத் திறந்தாள்.

"இந்தா, எங்க போயிட்டே?" பின்னறையிலிருந்து குரல் வந்தது. கெஞ்சல் இல்லை, அதட்டல் இல்லை, ஒரு நல்ல துணையைக் கூப்பிடும் குரல். "அலை அடிக்கறதுக்கு முன்னாடி அவன் மூச்சை விடறானா, பிடிச்சுக்கறானா? நீ சொன்னாத்தான் எழுத முடியும்."

தலை தானாகத் திரும்பியது. ஒரே ஒரு கணம்தான். அந்தக் கணத்தில் அவள் பதிலைக்கூட யோசித்துவிட்டாள். பிடித்துக்கொள்கிறான்.

திரும்பிப் பார்த்தபோது மகள் வாசலைத் தாண்டியிருந்தாள். தோளில் கிடந்த குழந்தை, பாட்டியைப் பார்த்துக் கையை ஆட்டியது. மகள் ஒரு கையால் அதன் தலையை உள்பக்கம் திருப்பிக்கொண்டாள். மறு கையால், அடித்துச் சாத்தாமல், விருந்தாளி சாத்துவது போல் மரியாதையாகக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.